மலையைக் குடைந்து வந்த தண்ணீர்



அலோர் ஸ்டாரைச் சுற்றிப் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் நெல்வயல்களைப் பஸ்ஸில் போகும்போது நாம் பார்த்திருக்கிறோம். கூலிமிலும் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் நம் வீட்டு உலையில் ஏறும் அரிசியில் ஒரு பங்கு அந்த வயல்களில் விளைந்ததுதான். ஒரு காலத்தில் அங்கே மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. இன்று இரண்டு போகம் விளைகிறது. அதற்கு வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி, ஒரு மலையின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தச் சுரங்கத்தைப் பற்றியும், பூமிக்குள் வேலை செய்வது ஏன் இத்தனை கடினம் என்பதைப் பற்றியும் இன்று தெரிந்துகொள்வோம்.

வட கெடாவின் மலைகளில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்று மூடா, மற்றொன்று பெடு. மூடா ஆற்றுக்கு மழைநீரைத் திரட்டித் தரும் மலைப்பரப்பு மிகப் பெரியது. பெடுவினுடையதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் அங்கே அணை கட்டினால் தேக்கி வைக்க இடம் போதாது. பெடுவின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் பள்ளத்தாக்கு மூடா ஏரியைப் போல் ஆறு மடங்குக்கும் அதிகமான நீரைக் கொள்ளும். ஆனால் அதை நிரப்பும் அளவு மழைநீர் அங்கே சேராது.

பெரிய தகரக் கூரையின் கீழே சிறு வாளியும், சிறிய கூரையின் கீழே பெரிய பீப்பாயும் இருந்தால் நாம் என்ன செய்வோம்? வாளியில் நிரம்புவதை ஒரு குழாய் வழியே பீப்பாய்க்குத் திருப்பிவிடுவோம். பொறியியலாளர்கள் செய்ததும் அதுவே. இரண்டு ஆறுகளிலும் அணை எழுப்பி, இடையிலிருந்த மலையைக் குடைந்து, ஆறரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு சுரங்கம் அமைத்தார்கள். அதற்குச் சையோங் சுரங்கம் என்று பெயர். தெற்கே ஓடித் தென் கெடா எல்லையில் கடலில் கலக்க வேண்டிய மூடாவின் தலைநீர், அதன் வழியே பெடு ஏரிக்குப் போகிறது. 1965இல் உலக வங்கி 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்க, மறு ஆண்டு வேலை தொடங்கியது. 1970இல் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியம் அமைந்தது. இத்திட்டத்தால் பாசனம் பெறும் நிலம் சுமார் 96,000 ஹெக்டர்.

குழாய் போடுவது போலச் சொல்லிவிட்டோம். ஆனால் மலைக்குள் குழாய் போடுவது எளிதன்று. வீடு கட்டுகிறவருக்கு எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியும். சுரங்கம் குடைகிறவருக்கோ ஒரு முழத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே திசை, பாறை, நீர், காற்று ஆகிய நான்கையும் அவர் ஒவ்வொரு நாளும் சோதித்துக்கொண்டே முன்னேற வேண்டும்.

முதலில் திசை. 1885இல் கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமட் சமான், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையை நோக்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர்கோடு பார்த்தார் என்று சொல்வார்கள். மலைக்குள் தீப்பந்தம் எப்படித் தெரியும்? சுரங்கத்தை இரு முனைகளிலிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்கச் செய்வது வழக்கம். ஒரு முனையில் திசை ஒரே ஒரு பாகை பிசகினால், மூன்று கிலோமீட்டர் போவதற்குள் ஐம்பது மீட்டருக்கு மேல் விலகிவிடும். இரு பக்கத்தாரும் சந்திக்காமலே ஒருவரை ஒருவர் கடந்து போய்விடுவார்கள். அதனால் வெளியே மலைமேல் அளந்த கோட்டை அளவைக் கருவிகளால் உள்ளே கொண்டு வந்து, சிறிது தூரம் குடைந்ததும் மீண்டும் மீண்டும் சரிபார்க்கிறார்கள்.

இரண்டாவது பாறை. துளையிட்டு வெடி வைத்துக் குடையும் முறையில், வெடித்தவுடன் யாரும் உள்ளே ஓடுவதில்லை. புகை வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அனுபவம் உள்ள ஒருவர் நீண்ட இரும்புக் கம்பியால் கூரைப் பாறையைத் தட்டிப் பார்ப்பார். பலாப்பழத்தைத் தட்டிப் பழுத்ததா என்று காது கொடுத்துக் கேட்பதைப் போன்றதுதான் இது. கணீரென்றால் உறுதியான கல். மந்தமான ஒலி வந்தால் உள்ளே விரிசல். தளர்ந்த கல்லைத் தள்ளி வீழ்த்திய பிறகே மற்றவர் உள்ளே வருவர். பாறை வலுவற்ற இடத்தில் இரும்பு ஆணிகள் அடித்தும், இரும்பு வளைவுகள் நிறுத்தியும், சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சியும் தாங்கு கொடுப்பர்.

ஆழம் கூடக் கூடப் பாறையின் பாரமும் கூடும். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போன தமிழர்கள் உழைத்த கோலார் தங்கவயலில், சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவது உண்டு. அதில் பலர் உயிரிழந்தனர். கீழே கல்லின் சூடு கை பொறுக்காது. மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பியே வேலை நடத்தினார்கள். அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

மூன்றாவது நீர். மலைக்குள் விரிசல்களில் நீர் தேங்கி நிற்கும். தெரியாமல் அதை உடைத்துவிட்டால் நொடியில் வெள்ளம் புகும். 1975 டிசம்பர் 27ஆம் நாள் இந்தியாவில் தன்பாத்துக்கு அருகே சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். ஆகவே குடைவதற்கு முன் நீண்ட மெல்லிய துளைகளை முன்னால் இட்டு, நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுவர 2014இல் நிறைவுற்ற 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தில், தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் வெந்நீரே ஊற்றெடுத்தது. இராட்சத இயந்திரங்கள் குடைந்தாலும், உள்ளே நின்றவர்கள் மனிதர்கள்தாமே!

நான்காவது காற்று. இதுதான் மிகவும் ஏமாற்றுவது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் வாயு ஒரு பொறி பட்டால் வெடிக்கும். வெடிமருந்தின் புகை மயக்கி விழவைக்கும். கல்லைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசு நுரையீரலில் படிந்து, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மூச்சை அடைக்கும். அந்த நோயை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை. தடுக்க வழி உண்டு: துளையிடும்போது நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்குவதும், விசிறி வைத்து நல்ல காற்றை உள்ளே செலுத்துவதும், முகக்கவசம் அணிவதும்.

இவ்வளவு செய்தும் விபத்து நேர்ந்தால்? 2023 நவம்பர் 12ஆம் நாள் உத்தரகாண்டில் சில்க்யாரா சாலைச் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டனர். குழாய் வழியே காற்றும் உணவும் போயின. துளையிடும் இயந்திரம் உடைந்தது. முடிவில், கையால் சுரங்கம் குடைந்து பழகிய எளிய தொழிலாளர்கள் கடைசிப் பகுதியைத் தோண்டி, பதினேழாம் நாள் 41 பேரையும் உயிருடன் மீட்டனர். இயந்திரம் நின்ற இடத்தில் தொழிலாளியின் கைத்திறனே வழி திறந்தது.

நேயர்களே, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். தோட்டத்துப் பழங்கிணறும், மலக்குழியும், செம்பனை ஆலையின் தொட்டியும் சிறிய சுரங்கங்களே. அங்கும் காற்று கண்ணுக்குத் தெரியாது. அழுகிய முட்டை போல நாறும் வாயு சிறிது நேரத்தில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாடை போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நாம் ஏமாறுவோம். உள்ளே ஒருவர் மயங்கினால், பாசத்தால் பின்னே குதிக்கிறவரும் மயங்குகிறார். அண்ணனைத் தூக்கப் போன தம்பியும் சேர்ந்து மடிவது இப்படித்தான். அப்போது செய்ய வேண்டியது, உள்ளே இறங்காமல் 999க்கு அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழைப்பதே. காற்றைக் கருவியால் சோதிக்காமல், பயிற்சி பெறாமல், மேலே காவலுக்கு ஒருவர் நிற்காமல் எவரும் இத்தகைய இடத்தில் இறங்கக் கூடாது.

இறங்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்கலாம். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டு என நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

மலையைக் குடைந்தவர்கள் அதைத் தட்டிப் பார்த்து, அளந்து, காற்றையும் நீரையும் சோதித்து, அடிமேல் அடி வைத்தே வழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துணிச்சலைவிட நிதானமே உயிர் காக்கும். இதை நாமும் நினைவில் கொள்வோமாக.