வெள்ளித் துகளும் இறால் ஓடும்

2003 ஆகஸ்டு மாதத்தை நம் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்பானங்களில் பூச்சிமருந்து கலந்திருப்பதாக டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிக்கை வெளியிட, கலர் பாட்டில்கள் கிரேட் கிரேட்டாகத் தேங்கின. அந்தப் பூச்சிமருந்தைத் தண்ணீரிலிருந்து நீக்கும் வழியைச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் கண்டனர். வெள்ளியின் நுண்துகள்தான் மருந்து. 2007-ல் அது வீட்டு வடிகட்டியாக விற்பனைக்கும் வந்தது.

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கட்டி வெல்லத்தைவிடத் தூள் வெல்லம் சீக்கிரம் கரைவதை நாம் அறிவோம்; மேற்பரப்பு கூடுவதே காரணம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக்கினால் 600 சதுர மீட்டர். 144 சதுர அடிக் குழிக் கணக்கில் ஏறக்குறைய 45 குழி!

வெள்ளி உப்பைக் கரைத்து, தக்க ரசாயனம் சேர்த்தால் வெள்ளி நுண்துகளாகப் பிரியும். சங்கடம் அதற்குப் பிறகுதான். மழைக்கால உப்பு மூட்டை போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீரிலுள்ள தாதுக்கள் படிந்து வேலையும் நின்றுவிடும். இதற்கு அக்குழுவினர் 2013-ல் வெளியிட்ட தீர்வு நமக்கு நெருக்கமானது. இறால், நண்டு ஓட்டை அமிலத்திலும் காஸ்டிக் சோடாவிலும் பக்குவப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கும். அதையும் ஓர் அலுமினியச் சேர்மத்தையும் கூண்டாக்கி, உள்ளே வெள்ளித் துகளைப் பொதிந்தார்கள். பெரிய உலை தேவையில்லை. தண்ணீரிலேயே செய்து உலர்த்தினால் மணல் போன்ற குருணை. லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் வெள்ளி மட்டும் கசிந்து கிருமியைக் கொல்லும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராமில் 25-ல் ஒரு பங்கு! இதே முறையில் வெள்ளிக்குப் பதில் இரும்புச் சேர்மம் கொண்ட 'அம்ரித்' வடிகட்டி ஆர்சனிக் நஞ்சை நீக்குகிறது.

நம் துறைமுகத்தில் ஒதுக்கும் இறால் ஓட்டுக்கும் ஒரு நாள் விலை பிறக்கலாம். அரிசி ஆலைச் சாம்பலுக்குப் பிறந்ததே! 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் உமிச் சாம்பலில் வெள்ளி நுண்துகள் ஏற்றி, மின்சாரம் வேண்டாத 'ஸ்வச்' வடிகட்டியை 749 ரூபாய்க்கும் 999 ரூபாய்க்கும் கொண்டுவந்தது.

ஒன்றை மட்டும் நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளி கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. காரைக்கால் கரையோர போர்வெல் உப்புக்கு ஆர்.ஓ. முறைதான் வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இது தெரியாமல் நானே ஏமாந்தேன். 'நானோ' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட வடிகட்டிகளை ஒரு விற்பனைப் பிரதிநிதி கொண்டுவந்தார். "உப்பும் போகுமா?" என்றேன். "எல்லாம் போகும் அண்ணாச்சி" என்றார். பரிசோதனைச் சான்று கேட்காமல் பன்னிரண்டு எடுத்தேன். ஒரே வாரத்தில் நான்கு திரும்பி வந்தன. "தண்ணீர் அதே கரிப்புதான்" என்றார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டேன். பிறகு சான்றைக் கேட்டு வரவழைத்துப் பார்த்தால், அதில் கிருமி பற்றி மட்டுமே இருந்தது. உப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. மீதி எட்டையும் நல்ல தண்ணீர்க் குழாய் உள்ள வீட்டுக்காரர்களிடம், உப்புப் போகாது என்று சொல்லியே விற்றேன்.