குழாயைப் பிரிக்கும் முன் கீசரை அணையுங்கள்

குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடித்த பிறகுதான் பலரும் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். மாடிக் கதவு பூட்டியிருக்கும், சாவி காவலாளியிடம். ஒருவழியாகத் திறந்து போனால் தொட்டிக்கு அடியில் நான்கு வால்வுகள். எது எந்தக் குழாய்க்கு என்று கட்டிக்கொடுத்தவர் ஓர் எழுத்துகூட எழுதியிருக்க மாட்டார். கடைசியில் தொட்டியில் இருந்த 1,000 லிட்டரும் சாக்கடைக்குப் போகிறது. அடுக்ககங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே மாடிக்குப் போய் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறதோ அதன் பெயரை அந்த வால்வின் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதுங்கள். சக்கரம் வைத்த கேட் வால்வை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்பு படிந்து இறுகிவிடும். முறுக்கி உடைக்காதீர்கள், பிளம்பரிடம் சொல்லி, கைப்பிடி வைத்த பால் வால்வாக மாற்றுங்கள். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

பழுது பார்க்கும் நாளில் முதல் வேலை கீசர். சுவிட்ச் மட்டும் போதாது, மின்பெட்டியில் உள்ள அதன் எம்.சி.பி.யையும் இறக்குங்கள். தண்ணீர் வடிந்த கீசரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும். பிரஷர் பம்ப் இருந்தால் அதையும் அணையுங்கள். அப்புறம்தான் வால்வு.

வால்வை மூடியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் இறங்க வேண்டும். வீட்டில் ஆகக் கீழே உள்ள குழாயையும் ஆக மேலே உள்ளதையும் சேர்த்துத் திறங்கள். மேலே காற்று புகாமல் கீழே முழுதாக வடியாது. நீர் சொட்டும் சி.பி.வி.சி. குழாயில் பசை பிடிக்காது. ஒட்டிய பிறகும், பசை டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் வரை பொறுங்கள். அவசரப்பட்டுத் திறந்தவர்கள் அதே சுவரை மறுபடி உடைக்கிறார்கள்.

திறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வாளிக் குழாயில் மண்ணும் துருவும் போகவிடுங்கள். வாஷிங் மெஷின், ஆர்.ஓ. இணைப்புகள் அதுவரை மூடியே இருக்கட்டும். வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்தால்தான் கீசர் நிரம்பியிருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அதற்கு முன் எம்.சி.பி.யைத் தூக்காதீர்கள்.

அடுக்ககத்தில் பொதுக் குழாயை மூடுவதானால் சங்கச் செயலாளருக்கு முதல் நாளே எழுத்தில் தெரிவியுங்கள். மற்ற வீடுகளிலும் கீசர் இருக்கிறது.

தெருக் குழாயிலிருந்து வரும் இணைப்பில் பழுது என்றால் ஆள் வைத்துச் சாலையைத் தோண்டாதீர்கள். சென்னையில் குடிநீர் வாரியத்தை 1916 எண்ணில் அழைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகம். கிராமத்தில் ஊராட்சி அலுவலகம். "ஆள் வருவார், போங்க" என்பார்கள். அந்தப் பதிலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. மனுவில் வீட்டு எண்ணையும் இணைப்பு எண்ணையும் எழுதி, நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.