உதைபந்தும் கால்பந்தும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை ரயிலும் கப்பலுமாக ஆட்கள் போய்வந்த வழி. இருந்தும் ஒரே ஆட்டத்துக்கு அக்கரைத் தமிழ்நாட்டில் கால்பந்து என்று பெயர், இக்கரை மன்னாரில் உதைபந்தாட்டம்.

பள்ளிக்கூட இலக்கணத்தைக் கொஞ்சம் தூசி தட்டினால் வேடிக்கை ஒன்று தெரியும். கால்பந்து என்றால் காலால் உதைக்கும் பந்து. வேற்றுமை உருபும் பயனும் சேர்ந்தே மறைந்த தொகை. மறைந்த பயன் எது? 'உதைக்கும்' என்பதுதான். தமிழ்நாட்டுச் சொல் ஒளித்துவைத்த வினையை மன்னார்ச் சொல் முன்னால் நிறுத்திவிட்டு, காலைச் சொல்லாமல் விடுகிறது. உதைத்த, உதைக்கிற, உதைக்கும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. கையால் உதைப்பவர் யாருமில்லை என்பதால் கால் விடுபட்டதில் நட்டமில்லை. தலையால் முட்டுவதும் கோல்காப்பாளர் கையால் பிடிப்பதும் இரண்டு சொல்லுக்குள்ளும் அடங்கா. அது வேறு கதை.

இன்னொன்று, அந்த 'ஆட்டம்'. தமிழ்நாட்டில் கடையில் வாங்குவதும் கால்பந்து, மைதானத்தில் பார்ப்பதும் கால்பந்து. இங்கே பந்து வேறு, ஆட்டம் வேறு. கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம் எல்லாம் அதே அச்சு. இலங்கையின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்தை, அதாவது வாலிபாலை, தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கைப்பந்து என்று எழுதும்; ஹேண்ட்பாலுக்கும் சிலவேளை கைப்பந்துதான். எந்தக் கை, எந்தப் பந்து என்று செய்தியைப் பாதி படித்த பிறகுதான் பிடிபடும்.

இலங்கைச் சொற்களும் அக்கரைக் காதில் இடறாமல் இல்லை. பெனால்டியைத் 'தண்ட உதை' என்று எழுதினால், வீணாய்ப்போன உதையென்று மதுரைக்காரர் நினைக்கக்கூடும்.

இவ்வளவும் எழுத்தில்தான். மன்னாரின் பள்ளிமுனையிலோ பேசாலையிலோ மாலையில் கிளம்பும் பொடியன் 'உதைபந்தாட்டம் ஆடப் போறன்' என்று சொல்லமாட்டான். 'பந்தடிக்கப் போறன்' என்பான், இல்லாவிட்டால் 'புட்போல்'. ராமேஸ்வரத்துப் பையனுக்கு அது 'ஃபுட்பால்'. உதைபந்தாட்டம் சுவரொட்டிக்கும் அழைப்பிதழுக்கும் ஒலிபெருக்கி அறிவிப்புக்கும் உரிய சொல்.

எழுத்திலும் இப்போது அதற்குப் போட்டி வந்துவிட்டது. இலங்கையிலேயே தமிழில் வரும் விளையாட்டுச் செய்திகள் சில கால்பந்து என்றே எழுதுகின்றன. தேசிய அணிக்கு ஆடிய மன்னார்க்காரர் டக்சன் பியூஸ்லஸ் ஒரு செய்தியில் உதைபந்தாட்ட வீரர், இன்னொன்றில் கால்பந்து வீரர். என்னைக் கேட்டால், வினையைக் கையில் வைத்திருக்கும் சொல்லை விட்டுக்கொடுக்க மனமில்லை.