ஆம்பூர்ப் போரும் நமது கடன் நோட்டும்

செய்தித்தாள் வந்தால் சந்தை நிலவரத்தைப் பார்க்கிறோம், உள்ளூர்ச் செய்தியைப் பார்க்கிறோம். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை நம்மில் பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகிறோம். சீனா எங்கே துறைமுகம் கட்டுகிறது, அமெரிக்கா யாருக்கு வரி போடுகிறது, ரஷ்யா யார் மீது படை எடுத்தது என்பதெல்லாம் பெரிய மனிதர்கள் பேச வேண்டிய விஷயம், புளியும் பருப்பும் விற்கிற நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கிறோம். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவருக்கு அந்தப் பக்கம் மிகவும் வேண்டிய பக்கம். வல்லரசுகள் வியாபாரத்துக்காக அடுத்தவர் மண்ணில் போட்டி போட்ட கதை நம் ஊர் மண்ணிலேயே நடந்திருக்கிறது. இன்றைக்கும் அது நம் கல்லாப் பெட்டியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஊர் இரண்டுபட்டது ஆம்பூரில்

1749-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் ஆம்பூர்க் கணவாயை மறித்துப் படையோடு நின்றார். எதிரே வந்தவர்கள், ஆற்காட்டுப் பட்டத்துக்கு ஆசைப்பட்ட சந்தா சாகிபும், ஹைதராபாத் பட்டத்துக்கு ஆசைப்பட்ட முசாபர் ஜங்கும். இவர்களுக்குத் துணையாகப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே ஒரு படையை அனுப்பியிருந்தார். அன்றைய சண்டையில் நவாப் கொல்லப்பட்டார். மூத்த மகன் பிடிபட்டார். இளைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இங்கே வந்தது துணி வாங்கி ஐரோப்பாவில் விற்க. இருவரும் கம்பெனிகள்தான், அதாவது நம்மைப் போல வாங்கி விற்கிறவர்கள். பட்டத்துக்கு யார் வந்தால் தனக்குத் துறைமுகமும் கிராம வருமானமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு டூப்ளே ஒரு பக்கம் நின்றார். அவர் பக்கம் வென்றதும் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளும் மசூலிப்பட்டினமும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அதைப் பார்த்த ஆங்கிலேயர் முகமது அலி பக்கம் நின்றார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான்.

1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது, அடுத்த ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. இதற்கு முன்பே 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்திருந்தார்கள். 1748 உடன்படிக்கையில் அதைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஈடாக அவர்கள் பெற்றது என்ன தெரியுமா? வட அமெரிக்காவில், இன்றைய கனடாவில் உள்ள லூயிஸ்பர்க் கோட்டை! சென்னையில் கடை வைத்திருந்தவனைக் கேட்டா அந்தப் பண்டமாற்று நடந்தது?

வென்றவர் பட்ட பாடு

முகமது அலி கடைசியில் நவாப் ஆனார். அவர் வென்றார் என்று நினைத்தால் கணக்கு தெரியவில்லை என்று அர்த்தம். ஆங்கிலப் படையின் செலவு முழுவதும் அவர் பற்றில் எழுதப்பட்டது. பாக்கிக்கு ஈடாக ஜில்லாக்களின் வரி வருமானத்தை எழுதிக்கொடுத்தார். 1763-இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீராகப் போனது. போதாததற்குக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே அவருக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஆற்காட்டு நவாபின் கடன் என்ற பேச்சு லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1785-இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. கடன் கொடுத்தவனே கடையை எடுத்துக்கொண்டான்.

இடையில் நம் பக்கத்து ஊர்கள் மறுபடியும் அடிபட்டன. 1767-இல் ஹைதர் அலி வாணியம்பாடியைப் பிடித்து ஆம்பூர்க் கோட்டையை முற்றுகை இட்டார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து திருப்பத்தூர் உள்ளிட்ட பாராமகால் பகுதி ஆங்கிலேயருக்குக் கைமாறியது. ஐம்பது வருஷத்துக்குள் இந்த வட்டாரத்துக்காரர்கள் எத்தனை பேருக்கு வரி கட்டியிருப்பார்கள்!

இந்தக் காலத்தை அருகிலிருந்து பார்த்து எழுதி வைத்தவரும் ஒரு வணிகர்தான். டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். சொந்தக் கப்பலே வைத்திருந்தவர். யார் எங்கே படை நகர்த்துகிறார்கள் என்பதையும் எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது என்பதையும் ஒரே நோட்டில் எழுதினார். இரண்டும் ஒரே கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தோலும் துரைமார்களும்

நம் வட்டாரத்துத் தோல் தொழிலின் வரலாறும் இதே போட்டியின் வரலாறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. பதனிடாத பச்சைத் தோல் வியாபாரத்தில் 1914-க்கு முன்பு ஜெர்மன் கம்பெனிகளின் கை ஓங்கியிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. சிப்பாய்களின் பூட்சுக்காக நம் பதனிட்ட தோலை ஆங்கில அரசே வாங்கியது. போர் முடிந்தவுடன், 1919-இல், பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி. ஜெர்மனி மறுபடி வரக்கூடாது என்பதே நோக்கம். நம் தோல் மண்டிகள் மேல் யாருக்கும் அன்பு பொங்கிவிடவில்லை.

பிறகு சோவியத் நாடு வந்தது. 1953-இல் முதல் வர்த்தக ஒப்பந்தம். அடுத்து ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் முறை. டாலர் தேட வேண்டியதில்லை. நம் தேயிலை, மிளகு, முந்திரிப் பருப்பு எல்லாம் அங்கே போயின. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலும் ஷூ மேல்பாகங்களும் போயின. அமெரிக்காவுக்குப் போட்டியாக இந்தியாவைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மாஸ்கோவின் கணக்கு. நமக்கோ அது நிச்சயமான ஆர்டர். 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. கொள்முதல் செய்தவரே இல்லாமல் போனார். நம் ஏற்றுமதியாளர்கள் ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று புதிய வாடிக்கையைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சில வருஷங்களில் தோல் ஷெட்டுத் தொழிலாளிகள் குடும்பங்களின் மளிகைப் பாக்கி எப்படி நீண்டது என்பது அன்று கடையில் உட்கார்ந்திருந்த நமக்கு ஞாபகம் இருக்கிறது.

2025-இல் அதே பாடம் இன்னொரு திசையிலிருந்து வந்தது. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் வரி போட்டது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் சேர்த்தது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் உக்ரைன் விஷயத்தில் சண்டை. அடி விழுந்த இடம் ஆம்பூர் ஷூ கம்பெனி. வரி பேச்சு வார்த்தையில் ஏறும், இறங்கும். ஆனால் ஆர்டர் நின்ற வாரத்தில் ஓவர்டைம் நின்றால், ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வரும் பெண்கள் அந்தச் சனிக்கிழமை வாங்கும் சாமான் குறையும். அரை லிட்டர் எண்ணெய் வாங்குகிறவர் நூறு மில்லி பாக்கெட் கேட்பார். அதை முதலில் பார்ப்பது நாம்தான். அரசாங்கப் புள்ளி விவரம் பிறகுதான் வரும்.

அண்டை நாடுகளும் நம் மூட்டைகளும்

நாம் விற்கும் சரக்கையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

சமையல் எண்ணெய்: நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. காஷ்மீர் பற்றி மலேசியப் பிரதமர் மகாதிர் பேசியதால் ஏற்பட்ட மனத்தாங்கலை அடுத்து, 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு நம் அரசு கட்டுப்பாடு போட்டது. சூரியகாந்தி எண்ணெய்க்கு உக்ரைனையும் ரஷ்யாவையும் பெரிதும் நம்பியிருந்தோம். 2022 பிப்ரவரி 24-இல் அவர்களுக்குள் போர். போதாக்குறைக்கு ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தி, மே 23-இல்தான் திறந்தது. அந்த நாட்களில் எங்களுக்கு வழக்கமாகச் சரக்கு தரும் ஒருவர், காலையில் பேசிய விலைக்கு மாலையில் டின் தர மறுத்தார். நம் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்.

உளுந்து: நம் இட்லிக்குப் பர்மா உளுந்து இல்லாமல் ஆகாது. 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு ஜூனில் நம் அரசு, வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து தனியார் வணிகம் மூலம் வாங்க ஐந்து வருஷத்துக்கு உடன்பாடு செய்துகொண்டது. அந்தக் கடற்கரையில் சியாக்பியூ என்ற இடத்திலிருந்து சீனா தன் நாட்டுக்கு எண்ணெய்க் குழாய் போட்டிருக்கிறது. அதே கரையில் சிட்வே துறைமுகத்தை இந்தியா கட்டி 2023-இல் திறந்தது. இருவரும் அந்த நாட்டைக் கைவிட முடியாமல் இருப்பதற்குக் காரணம் புரிகிறதா?

இலங்கை: அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போனது. 112 கோடி டாலர் ஒப்பந்தம். சீனக் கடன்தான் இலங்கையை விழுங்கியது என்று பலர் சொல்கிறார்கள். அது முழுக் கணக்கு அல்ல. உலகச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடனே அதில் பெரிய பங்கு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாது என்று இலங்கை அறிவித்தது. கடையில் பால் பவுடர் இல்லை, சமையல் எரிவாயு இல்லை. இந்தியா அந்த ஆண்டில் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் தருவதாக அறிவித்து, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. உதவி நல்ல காரியம், அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அண்டை வீட்டில் யார் செல்வாக்கு நிற்க வேண்டும் என்ற கணக்கும் டெல்லிக்கு இருந்தது, பீஜிங்கிற்கும் இருந்தது. கொழும்பு மளிகைக் கடைக்காரருக்கு இருந்த கணக்கு ஒன்றே ஒன்று: நாளைக்கு ஷட்டரைத் தூக்கினால் விற்க என்ன இருக்கிறது?

நாம் செய்யக் கூடியது

வல்லரசுகளை நாம் நிறுத்த முடியாது. நம் கடையை நாம் காத்துக்கொள்ள முடியும். எங்கள் அனுபவத்தில் தோன்றும் சில யோசனைகள்:

முதலாவது, கடையில் உள்ள பத்து முக்கியச் சரக்கும் எந்த நாட்டிலிருந்து, எந்தத் துறைமுகம் வழியாக வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நாட்டின் பெயர் செய்தியில் வந்தால் அன்றே கொள்முதலை யோசியுங்கள். அதற்காகப் பதுக்க வேண்டாம். பதுக்கினால் சட்டமும் விடாது, வாடிக்கையாளரும் மறக்க மாட்டார்.

இரண்டாவது, உள்ளூர்ச் சரக்குக்கு அலமாரியில் இடம் கொடுங்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் புளி, சாமை, தேன், நம் பக்கத்து வேர்க்கடலை, செக்கு எண்ணெய் இவற்றுக்கு எந்த வல்லரசின் அனுமதியும் வேண்டாம். விற்பனை சிறியதாக இருக்கலாம். ஆனால் இறக்குமதி நின்ற வாரத்தில் கடை வெறிச்சோடாது.

மூன்றாவது, கடன் நோட்டில் ஒரே தொழிலை நம்பி இருக்கும் குடும்பங்களின் பாக்கி எவ்வளவு என்று தனியே கூட்டிப் பாருங்கள். எல்லாப் பாக்கியும் ஷூ கம்பெனிச் சம்பளத்தை நம்பி இருந்தால், வாஷிங்டனில் போடும் கையெழுத்து ஒரே நாளில் நம் வசூலை நிறுத்திவிடும். விவசாயம், கட்டட வேலை, சிறு உத்தியோகம் என்று வாடிக்கையைப் பரவலாக்குங்கள். அதற்காக வேலை குறைந்த குடும்பத்துக்கு அரிசி பருப்பை மறுத்துவிடாதீர்கள். அளவு குறித்து, தவணை பேசிக் கொடுங்கள். நல்ல காலம் திரும்பும்போது அவர்கள் நம் கடைக்கே வருவார்கள்.

நான்காவது, நமக்குச் சரக்கு தருபவர்களிடம் நாமும் கடன் எல்லை வைத்துக்கொள்வோம். ஒருவரிடமே எல்லாக் கடனும் வாங்கினால் விலை சொல்வதும் அவர், சரக்கு தருவதும் தராததும் அவர். ஆற்காட்டு நவாபுக்கு நடந்தது அதுதான். இரண்டு மூன்று இடத்தில் கொள்முதல் வைத்துக்கொண்டு, யாரிடமும் பாக்கி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். பெரிய நாடுகள் தங்கள் லாபத்தை அளந்துதான் நட்பும் பகையும் கொள்கின்றன. நாமும் அளந்து கொள்வோம், அளந்து விற்போம். நாளை காலை செய்தித்தாள் வந்ததும் அந்த வெளிநாட்டுப் பக்கத்தையும் ஐந்து நிமிடம் படியுங்கள்.