பட்டியலில் மச்சினன் பெயர்

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைக் கீழே இறக்க வேண்டுமென்றால், "அவன் மஞ்சக் கடுதாசி குடுத்தவனப்பா" என்று சொன்னால் போதும். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள், சீட்டில் சேர்க்க மாட்டார்கள். ஈரோட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அந்தக் கடுதாசியோடுதான் பாதிப் பிழைப்பு. கோர்ட்டில் அதற்கு ஐ.பி. என்று பெயர். இன்சால்வென்சி பெட்டிஷன், திவால் மனு.

மனுப் போட்டவன் ஊர்ப் பணத்தைச் சுருட்டிவிட்டான் என்பது பொதுத் தீர்ப்பு. சுருட்டுகிறவர்களும் வரத்தான் செய்கிறார்கள். நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதே சட்டத்தில், கடன்காரர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, இத்தனை பைசா வீதம் இத்தனை வருஷத்தில் கட்டுகிறேன் என்று கோர்ட் மூலமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.

சட்டம் பழசு. 1920-ல் வந்த மாகாணத் திவால் சட்டம். சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-ம் வருஷச் சட்டம், அவர்கள் ஐகோர்ட்டுக்குப் போக வேண்டும். நமக்கு சப் கோர்ட். 500 ரூபாய் கடன் இருந்து, அதைக் கட்ட முடியவில்லை என்றால் மனுப் போடலாம். நூறு வருஷத்துக்கு முந்தைய 500 அது. யாரும் திருத்தாமல் அப்படியே கிடக்கிறது.

பவானிப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் மஞ்சள் பை நிறையப் பேப்பரோடு வந்தார். சொந்தத் தறி, பேங்க் கடனில் கட்டிய வீடு. நூல் விலை ஏறி, துணி விலை இறங்கி, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். வக்கீல் ஐயா கேஸைக் கேட்டுவிட்டு, "லிஸ்ட் எழுதுங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

அந்த லிஸ்டுதான் எல்லாமே. 13-வது பிரிவு கேட்பது இது: யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்கள் பெயர், விலாசம், உன்னிடம் என்ன சொத்து இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, என்ன பெறும். ஒன்றும் விடக் கூடாது. பேப்பரில் எழுதச் சொன்னால் முதலில் எல்லோரும் எழுதுவது தங்களுக்குப் பிடிக்காதவர்களைத்தான். மிரட்டிய ஃபைனான்ஸ்காரர் முதல் வரியில் வந்துவிடுவார். கைமாத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரை நாலு தடவை கேட்டால்தான் சொல்வார்கள். இவரும் அப்படித்தான். நூல் கடை 5 லட்சம், ஃபைனான்ஸ் 4 லட்சம், சீட்டுப் பாக்கி ஒன்றரை லட்சம், கைமாத்து எல்லாம் சேர்ந்து இரண்டரை. பேனாவை மூடப் போனார்.

பையில் ஒரு பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் அதில் 3 லட்சம் வரவு.

"இது யாருங்க?"

"மச்சினனுங்க. அவன் பேரு வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"எனக்காகக் காட்டை வித்துக் குடுத்தவனுங்க. கோர்ட்டு நோட்டீஸ் அவன் வீட்டுக்குப் போச்சுன்னா என் சம்சாரம் அப்புறம் பொறந்த வீட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாதுங்க. அவனுக்கு நான் தனியாக் குடுத்துக்கறேன்."

இப்படிச் சொல்லாத ஆள் இல்லை. பாசத்தில் கொடுத்தவனுக்கு முழுசாக, வட்டிக்குக் கொடுத்தவனுக்குக் கோர்ட் பிரித்துக் கொடுப்பதில் பங்கு. மனசுக்கு அது நியாயமாகவே படுகிறது. சட்டம் அதைத்தான் மோசடி என்கிறது. மனுவுக்கு முந்தைய 3 மாசத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தால் அது செல்லாது. 2 வருஷத்துக்குள் தறியையோ நிலத்தையோ மனைவி பெயருக்குச் சும்மா மாற்றியிருந்தால் அதையும் ரத்துச் செய்யலாம். சொத்தையோ கணக்கையோ வேண்டுமென்றே ஒளித்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். இதையெல்லாம் சொன்ன பிறகு ரொம்ப நேரம் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதிக்கங்க" என்றார். மொத்தம் 16 லட்சம் ஆயிற்று.

மனு நம்பர் ஆகி, எல்லோருக்கும் நோட்டீஸ் போய், விசாரணை நடந்தது. கூண்டில் ஏறிய கடனாளியைக் கடன் கொடுத்தவர்கள் நேராகவே கேள்வி கேட்கலாம். கணக்குப் புத்தகம் எங்கே, போன வருஷம் மகள் சீருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பயந்தே பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். இவர் நின்று பதில் சொன்னார். கடைசியில் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தது.

அன்றோடு சொத்தெல்லாம் அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகிறது. கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் அந்தக் கடனுக்காகப் புதிதாக வழக்குப் போட முடியாது. கைது செய்யாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவும் கேட்டு வாங்கலாம். எடுக்கக் கூடாத சாமான்களும் உண்டு: உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரனின் கருவிகள். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் அதில் சேரும். நம் ஊரில் அது தாலி. மற்ற நகைக்கு அந்தச் சலுகை கிடையாது. 'தாலிக்கொடி எத்தனை பவுன் வரைக்கும் விடுவாங்க?' என்று என்னிடம் கேட்காத குடும்பம் இல்லை.

இங்கேயே நின்றுவிட்டால் தறியை ஏலம் விட்டு, வந்த காசைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கள் ஐயா 38-வது பிரிவில் ஒரு திட்டம் போட்டார். ரூபாய்க்கு 60 பைசா. 16 லட்சத்துக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். 4 வருஷம், மாசம் 20,000. தறி அவரிடமே இருக்கும், கூலிக்கு ஓட்டுவார். மகன் கம்பெனிச் சம்பளத்தில் ஒரு பங்கு போடுவான். கடன்காரர்களுக்கு ஐயா சொன்ன நியாயம் ஒன்றே ஒன்று: ஓடாத தறி காயலாங்கடை விலைக்குத்தான் போகும், ஓடுகிற தறிதான் காசு கொடுக்கும்.

இதற்குக் கடன்காரர்கள் ஓட்டுப் போட வேண்டும். கடனை நிரூபித்து, அன்றைக்கு நேரிலோ வக்கீல் மூலமாகவோ ஆஜராகிறவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மையும் வேண்டும், கடன் தொகையில் முக்கால் பங்கும் வேண்டும். ஃபைனான்ஸ்காரர் முடியவே முடியாது என்றார். அவருடையது 4 லட்சம். மீதிப் பேர் அத்தனை பேரும் சரி என்றால் 16-ல் 12, கச்சிதமாக முக்கால். மச்சினன் வராவிட்டால்? 13-ல் 9 தான். திட்டம் விழுந்துவிடும். எந்தப் பெயரை எழுத வேண்டாம் என்றாரோ அந்த ஆள் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று ஆகிவிட்டது.

மச்சினன் வந்தார். வெள்ளை வேட்டி, யாரிடமும் பேசவில்லை. இது சொந்தக்காரனை வைத்து ஜோடித்த கடன் என்று ஃபைனான்ஸ் தரப்பு வக்கீல் எகிறினார். பாஸ்புக்கும் காடு விற்ற கிரயப் பத்திரமும் நாங்கள் முன்னாடியே கொடுத்திருந்தோம். தேதி பொருந்தியது, தொகை பொருந்தியது. அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ஓட்டு கிடைத்தால் மட்டும் போதாது, ஜட்ஜுக்கும் திட்டம் நியாயமாகப் பட வேண்டும். இவர் கணக்குப் புத்தகம் ஒழுங்காக எழுதவில்லை. அப்படிப்பட்ட குறை இருந்தால் ரூபாய்க்கு 6 அணாவாவது கிடைக்கும் என்பதற்கு ஈடு காட்ட வேண்டும் என்கிறது சட்டம். 6 அணா என்றால் இன்றைய கணக்கில் முப்பத்தேழரை பைசா. பெஞ்ச் கிளார்க் கால்குலேட்டரில் அடித்துப் பார்த்தார். தறிக்காரரின் அப்பா தன் பெயரில் இருந்த ஓட்டு வீட்டை ஜாமீன் காட்டினார்.

கோர்ட் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றுக்கொண்டால் திவாலானவர் என்ற அறிவிப்பே ரத்தாகிவிடும். எதிர்த்து ஓட்டுப் போட்டவரையும் திட்டம் கட்டுப்படுத்தும். தவணை தவறினால் மறுபடியும் திவால் என்று அறிவிக்கலாம், ஆகவே தறிக்காரருக்கு மாசா மாசம் தேதி நெருங்கும்போது வயிற்றைக் கலக்கும்.

எல்லாக் கடனும் இதில் அடங்காது. வீட்டை அடமானம் வாங்கிய பேங்க்கின் உரிமையை இந்தச் சட்டம் தொடாது, இ.எம்.ஐ. தனியாகக் கட்டியாக வேண்டும். செக் திரும்பிய கேஸ் கிரிமினல் கோர்ட்டில் அதன்பாட்டுக்கு நடக்கும், ஐ.பி. போட்டால் அது போய்விடும் என்று சொல்கிற புரோக்கர்களை நம்பாதீர்கள். திவால் அறிவிப்பு விலகாத வரைக்கும், தான் திவாலானவன் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். எம்.எல்.ஏ., எம்.பி. ஆகவும் முடியாது. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

2016-ல் வந்த புதுத் திவால் சட்டத்தில் தனி ஆட்களுக்கும் தவணைத் திட்டம் விரிவாகவே இருக்கிறது. 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அதை அமல்படுத்தியிருக்கிறார்கள். தறிக்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் இன்னும் அணாக் கணக்குதான்.

தறிக்காரர் இப்போது மூன்றாவது வருஷத்தில் இருக்கிறார். நடுவில் ஒரு தீபாவளி சமயம் தவணை தள்ளிப்போனது, ரிசீவரிடம் மனுக் கொடுத்து அடுத்த மாசம் சேர்த்துக் கட்டினார். கட்டுகிற 20,000-ல் ஃபைனான்ஸ்காரர் பங்கு 5,000. கூடாது என்று எதிர்த்தவர்தான். ஆனால் பணம் வந்துவிட்டதா என்று முதலில் போன் போடுவது அவர்தான்.