முதல் தூறலில் வண்டி ஏன் வாரிவிடுகிறது?

இரண்டு ரோடுகள். ஒன்றில் விடிய விடிய அடைமழை கொட்டியிருக்கிறது. இன்னொன்று மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து கிடந்தது, இப்போதுதான் பத்து நிமிடமாகத் தூறல் விழுகிறது. எந்த ரோட்டில் பைக் அதிகம் வழுக்கும்?

அடைமழை ரோடு என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் தூறல் ரோட்டைக் கண்டால்தான் அதிகம் பயப்படுவார்கள். அவர்கள் பயம் சரியானது.

வெயில் காலம் முழுக்க அந்த ரோட்டில் லாரியும் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் டீசலையோ இன்ஜின் ஆயிலையோ சொட்டிவிட்டுப் போயிருக்கும். டயர்கள் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் தூளும் காற்றில் வந்த புழுதியும் அதோடு சேர்ந்து, ரோட்டிலுள்ள சின்னச் சின்னப் பள்ளங்களில் படிந்திருக்கும். தண்ணீரைவிட எண்ணெய் லேசானது. அதனால் தூறல் விழுந்ததும் அது மிதந்து மேலே வருகிறது. புழுதியோடும் ரப்பர் தூளோடும் குழைந்து ரோடு முழுக்க வழவழப்பாகப் பரவிக்கொள்கிறது. தூறலுக்கு அதை அடித்துக்கொண்டு போகும் பலம் கிடையாது. மழை வலுத்து வெகுநேரம் பெய்தால் அத்தனையும் ஓரத்துக் கால்வாய்க்குப் போய்விடும். விடிய விடிய மழை பெய்த ரோடு கழுவிவிட்ட ரோடு. அதுவும் வழுக்கும்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

ஈர ரோட்டில் வானவில் நிறத்தில் மினுங்கும் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எண்ணெய்ப் படலங்கள். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், உள்ளே போய் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்று சேரும்போது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில நிறங்கள் மறைகின்றன. படலம் மிக மெல்லியதாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருந்தால்தான் இப்படி நிறம் தெரியும்.

இவ்வளவு மெல்லிய படலமா நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் கீழே தள்ளுகிறது? ஆம். அது எப்படி என்று புரிய, ரப்பர் எப்படி ரோட்டைப் பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரப்பருக்குப் பிடிக்கும் வழி இரண்டு. முதலாவது, ஒட்டிக்கொள்வது. ரப்பரின் மூலக்கூறுகள் கல்லின் மூலக்கூறுகளை மிக நெருங்கும்போது ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆனால் இடையில் துளிப் படலம் புகுந்தாலும் அந்த நெருக்கம் போய்விடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெயே போதுமானதாக இருக்கிறது. இரண்டாவது, கவ்விக்கொள்வது. ரோட்டின் ஜல்லிக் கற்களில் கூர்மையான முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். டயர் ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி அமுங்கும், பிறகு கொஞ்சம் தாமதமாக மீண்டு எழும். இப்படி அமுங்கி எழுவதில் ஆற்றல் வெப்பமாகச் செலவாகிறது. அந்தச் செலவுதான் சறுக்கலைத் தடுக்கும் விசையாக மாறுகிறது. இந்த இரண்டாவது பிடி மழையிலும் வேலை செய்யும், கல் முனைகள் தண்ணீர்ப் படலத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை எடுத்து, வழவழப்பான டைல்ஸ் மீது விரலால் அழுத்தித் தள்ளுங்கள். நகர மறுக்கும். இப்போது டைல்ஸில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தள்ளினால் சர்ரென்று ஓடும். அதே சோதனையைத் துணி துவைக்கும் கல்லில் செய்யுங்கள். கல் சொரசொரப்பாக இருந்தால், சோப்புத் தண்ணீரிலும் ரப்பர் ஓரளவு பிடித்துத்தான் நிற்கும். டைல்ஸில் ஒட்டும் வழி மட்டும்தான் இருந்தது, அது அடைபட்டதும் எல்லாம் போயிற்று. கல்லில் கவ்வும் வழி மிச்சம் இருக்கிறது.

அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மசாலா அரைபடாது. அப்போது உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள். ரோட்டுக் கற்களும் இப்படித் தேய்கின்றன. சிக்னலுக்கு முன்பும் பஸ் நிறுத்தத்திலும் வண்டிகள் பிரேக் அடித்து அடித்துக் கற்களின் முனை மழுங்கிப்போகும். விமான ஓடுபாதைகளில் மழையிலும் பிடி கிடைக்க ஒரு வழி கண்டார்கள். 1960களில் அமெரிக்காவின் நாசா பொறியாளர்கள் ஓடுபாதையின் குறுக்கே மெல்லிய பள்ளக் கோடுகள் வெட்டி ஆராய்ந்தார்கள். கால் அங்குல அகலம், கால் அங்குல ஆழம் கொண்ட அத்தகைய கோடுகள் இன்று உலகின் பல ஓடுபாதைகளில் இருக்கின்றன. தண்ணீர் அவற்றில் இறங்கிவிட, சக்கரம் தரையைத் தொடுகிறது.

ரோட்டில் கல் முனையே இல்லாத இடங்களும் உண்டு. வெள்ளைக் கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைகளில் அவை வெறும் பெயின்ட் அல்ல. சூடாக்கி உருக்கிய ஒரு வகைப் பிளாஸ்டிக் கலவையை ரோட்டின் மேல் பூசி, இரவில் ஒளி திருப்புவதற்காகப் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். அந்தப் பூச்சு ஜல்லியின் முனைகளை மூடிவிடுகிறது. பாதாளச் சாக்கடை மூடி, தோண்டிய பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகடு, ரயில்வே கேட்டின் தண்டவாளம் எல்லாம் இந்த ரகம். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் இரும்பின் மேல் அதிக தூரம் ஓடும், விளிம்பில் மாட்டிக்கொண்டு திரும்பவும் செய்யும். நேர் குறுக்காகக் கடந்தால் ஒரு நொடிகூட ஆகாது. மரத்தடியில் நசுங்கிக் கிடக்கும் நாவல் பழமும், ரோட்டில் உலர்த்திய நெல்லும் வைக்கோலும்கூடப் பிடியைக் கெடுக்கும்.

இப்போது ஒரு கணக்கு. பைக்கின் ஒரு டயர் ரோட்டைத் தொடும் பரப்பு உங்கள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நிற்பது, திரும்புவது, வேகமெடுப்பது எல்லாமே அந்த இரண்டு உள்ளங்கைகளின் பிடியில்தான் நடக்க வேண்டும். காய்ந்த ரோட்டில் இந்தப் பிடியைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.8 என்று வையுங்கள், நனைந்த ரோட்டில் பாதியாக, 0.4 என்று வையுங்கள். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப 0.35 அளவு பிடி தேவை. 40 கிலோமீட்டரில் போனால் 0.63 தேவை. காய்ந்த ரோட்டில் இரண்டு வேகத்திலும் தப்பிக்கலாம். நனைந்த ரோட்டில் 30-இல் மயிரிழையில் தப்பலாம், 40-இல் முடியவே முடியாது. பத்து கிலோமீட்டர்தானே கூடியது என்று நினைக்கக்கூடாது. தேவைப்படும் பிடி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, அவற்றின் ஆரம் இதைவிடச் சின்னது. மழையில் அங்கே போகிறவர்கள் ஏன் அவ்வளவு மெதுவாக ஊர்கிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 30-இல் திரும்பும்போது 0.4-இல் 0.35 செலவாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு நாய் குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தினால், அதற்கும் பிடி வேண்டுமே? மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதனால் நல்ல ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

நேர் ரோட்டில் பிரேக் அடித்தாலும் இதே கணக்குதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி காய்ந்த ரோட்டில் சுமார் 8 மீட்டரில் நிற்கும் என்றால், நனைந்த ரோட்டில் 16 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் ஓடும் 11 மீட்டர் தனி. அவசரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய இல்லாமல் போகிறது, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி கேட்பதில்லை. வண்டி விழாமல் நிற்பதே ஹேண்டிலின் சின்னச் சின்னத் திருப்பங்களால்தான் என்பதால், கண் மூடித் திறப்பதற்குள் வாரிவிடும். ஏபிஎஸ் என்ற பிரேக் ஏற்பாடு இதைத்தான் தடுக்கிறது. சக்கரத்தோடு சுழலும் ஒரு வளையத்தைப் பார்த்து அதன் வேகத்தைச் சென்சார் அளக்கிறது, பூட்டிக்கொள்ளப் போகிறது என்றதும் பிரேக்கின் அழுத்தத்தைச் சட்டென்று விட்டு விட்டுப் பிடிக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு இது கட்டாயம். ஆனால் ஏபிஎஸ் ரோட்டின் பிடியைக் கூட்டித் தருவதில்லை, இருக்கும் பிடியை வீணாக்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்று வேகமும் அதிகமாக இருந்தால், டயர் தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். பைக் டயர் குறுகலாகவும் வளைந்தும் இருப்பதால் காரைவிட இதில் கொஞ்சம் தப்பிக்கிறது. தேங்கிய தண்ணீரில் பைக்குக்குப் பெரிய ஆபத்து, அடியில் இருக்கும் குழி கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான்.

பின்னால் உட்காரும் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மழையில் வண்டி வளையும்போது அப்பாவோ அக்காவோ எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அதே பக்கம் நீங்களும் சாயுங்கள். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், அதே வளைவைக் கடக்க வண்டியை அவர்கள் இன்னும் அதிகம் சாய்க்க வேண்டியிருக்கும். தலைக்கவசம் போட்டு, பட்டையை மாட்டுங்கள். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அதை அணிய வேண்டும் என்பது சட்டம்.

வண்டி நிற்கும்போது ஒரு டார்ச்சோடு போய் டயரைப் பாருங்கள். டயரின் பள்ளங்கள் தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுவதற்காக இருப்பவை. பக்கச் சுவரில் ஒரு குட்டி முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ என்ற ஆங்கில எழுத்துகளோ தெரியும். அதற்கு நேராக உள்ள பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மேடு இருக்கும். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு ஒரே மட்டத்துக்கு வந்திருந்தால், டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. வீட்டில் காட்டி, ஐப்பசி மழை தொடங்குவதற்குள் புது டயர் மாற்றச் சொல்லுங்கள்.