மனச்சோர்விலிருந்து மீண்டவர் மனநலத் துறைக்கு வரலாமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை "சைக்காலஜி படிக்கிறேன்" என்றால் பல வீடுகளில் பெரிய எதிர்ப்பு வராது. அதே பிள்ளை மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்து மீண்டிருந்தால் பேச்சே மாறிவிடும். "மறுபடியும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கிற படிப்பு எதுக்குப்பா?" என்பார் அம்மா. பிள்ளைக்கோ, தன்னைப் போலத் தவிக்கிறவர்களுக்கு உதவ வேண்டும் என்ற வேகம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

தாராளமாக வரலாம். வந்து சாதித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் 1961இல், 17 வயதில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பின்னாளில் தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி' என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார். தன் கதையை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011இல்தான். அதற்கு முன்பே, 1991இல், அந்தச் சிகிச்சை பலன் தருகிறதா என்று நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து முடிவுகளை வெளியிட்டிருந்தார். எதைத் தேட வேண்டும் என்பதை அனுபவம் அவருக்குக் காட்டியது. விடை சரியா என்பதை ஆய்வில்தான் பார்த்தார். இந்தத் துறைக்கு வர நினைக்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

ஏன் என்று ஒரு சின்னக் காட்சியில் பார்ப்போம். பயிற்சியில் இருக்கும் உங்கள் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து, "காலையில எந்திரிக்கவே முடியல மேடம்" என்கிறார். உங்களுக்கும் அப்படி இருந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தினமும் நடக்க ஆரம்பிச்சேன், சரியாயிடுச்சு" என்று வாய் வரை வந்துவிடும். சொல்லிவிட்டால் அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். சொல்லாமல், "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?" என்று கேட்டிருந்தால், குடித்துவிட்டு வரும் கணவருக்குப் பயந்து விடியும்வரை விழித்திருப்பது தெரிய வந்திருக்கும். அல்லது தைராய்டு குறைபாடாக இருக்கலாம். உண்மையிலேயே மனச்சோர்வாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வாயில் வருவது ஒரே வாக்கியம். வைத்தியம் வேறு வேறு.

அனுபவத்தால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. குளிக்கப் போவதே மலையேறுவது போல இருக்கும் என்று ஒருவர் சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க மாட்டீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றால் திட்டாமல் காரணம் கேட்பீர்கள். இது பெரிய சொத்து. ஆனால் உங்கள் மனச்சோர்வு உங்களுடையது மட்டும்தான்.

எப்போது தொடங்கலாம்? மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பது தடையே இல்லை. தூக்கமும் சாப்பாடும் அன்றாட வேலையும் சில மாதங்களாகச் சீராக இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு முறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது திரும்ப வரக்கூடும். அம்மாவின் பயம் வீண் அல்ல என்பது இதனால்தான். ஆகவே படிக்கும்போதும் உங்களுக்கென்று ஒரு மருத்துவர் இருக்கட்டும். அவர் உங்கள் பேராசிரியராக இருக்க வேண்டாம். இப்போதே மனம் கனமாக இருந்தால் படிப்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் 14416க்கு அழையுங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இனி வழிகள். மாத்திரை எழுதும் மனநல மருத்துவராக எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. சைக்கியாட்ரி படிக்க வேண்டும். மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரும் இதே துறையினர்தான். மருத்துவமனைகளில் இவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வெறும் எம்.எஸ்ஸி. சைக்காலஜி போதாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். நெடுங்காலம் அது இரண்டு ஆண்டு எம்.ஃபில்லாக இருந்தது. இப்போது படிப்பு முறைகள் மாறி வருவதால், கல்லூரி விளம்பரத்தை நம்பாமல் ஆர்.சி.ஐ. பட்டியலில் அந்தக் கல்லூரியும் படிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025-26 கல்வியாண்டு முதல் நிறுத்தும்படி யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஆறு வாரச் சான்றிதழை மாட்டிக்கொண்டு 'தெரபிஸ்ட்' என்று பலகை வைப்பது, நம்பி வருகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

பட்டம் வாங்குவதற்கு முன் மனம் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் தன்னார்வப் பணி நல்லது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் மற்றவர்களின் துயரத்தைக் கேட்கிறார்கள். அறிவுரை சொல்லாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது இத்தகைய பணியில் இறங்கினால்தான் தெரியும்.

கடைசியாக, நேர்முகத் தேர்வில் உங்கள் மனச்சோர்வைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கட்டாயம் இல்லை. சொல்வதானால் இரண்டு வாக்கியம் போதும்: இருந்தது, சிகிச்சை எடுத்தேன். ஆனால் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதும், நம்பிக்கையான ஒரு மேற்பார்வையாளரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். உங்கள் பழைய காயத்தை அப்படியே சுமந்துகொண்டு ஒருவர் வந்து உட்காரும் நாளில், கூடவே இருந்து வழிகாட்டவோ அந்த நோயாளியை வேறொருவரிடம் மாற்றிவிடவோ மேற்பார்வையாளரால் முடியும்.